பாடசாலை மாணவர்களைப் பல்கலைக்கழக ரோபோ ஆய்வில் சேர்ப்பது எப்படி? கொழும்பு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். என் மாணவர்களைப் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் ரோபோ ஆய்வு செய்ய அனுப்ப வேண்டும் என்று இறங்கியபோது, முதலில் யாரிடம் கேட்பது, எந்தக் கடிதம் யாருடைய ஒப்பத்தோடு போக வேண்டும், எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. பதில் வராத மின்னஞ்சல்களும், காலம் கடந்து வந்த அனுமதியும், வாங்கி வீணான பற்றரிகளும் கற்றுத்தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் ஆசிரியராக இருக்கலாம். பிள்ளைக்காக ஓடித்திரியும் பெற்றோராகவோ பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவராகவோ இருக்கலாம். வரிசைப்படி செய்தால் பாதி அலைச்சல் குறையும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோபோ செய்வது வேறு, ரோபோ ஆய்வு வேறு. கோட்டைப் பின்தொடரும் ரோபோவை ஒரு வார இறுதியில் காணொளி பார்த்துச் செய்துவிடலாம். அது நல்ல பயிற்சி. ஆனால் அதற்காக எந்தப் பேராசிரியரும் தன் ஆய்வுகூடத்தைத் திறந்துவிட மாட்டார். அளந்து பதில் காணக்கூடிய ஒரு கேள்வி பிள்ளைகளிடம் இருந்தால் திறந்துவிடுவார்.

1. தரம் 10 அல்லது 12 மாணவர்களைத் தெரிவு செய்யுங்கள்

தரம் 11 சாதாரண தரப் பரீட்சைக்கும் தரம் 13 உயர்தரப் பரீட்சைக்கும் போய்விடும். அந்த வகுப்புகளிலிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு ஆர்வத்தோடு வந்தாலும் நடுவழியில் நிற்க நேரும், நிறுத்துவதும் நியாயமே. தரம் 10இல் தொடங்கினால் சிறிய கேள்வியோடு தொடங்குங்கள். தரம் 12 மாணவர்களுக்குப் பௌதிகவியல் கொஞ்சம் கைகொடுக்கும்.

ஒரு குழுவில் மூவர் போதும். மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல் பொறியியல் கண்காட்சியின் (பகுதி 9இல் வரும்) விதியிலும் குழுத் திட்டத்துக்கு உச்ச அளவு மூவர்தான். ஐந்து பேரைச் சேர்த்தால் இருவர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள்.

தெரிவுக்குப் பரீட்சைப் புள்ளிகளை மட்டும் பார்க்காதீர்கள். பழுதான மேசை மின்விசிறியையோ பழைய வானொலியையோ கொடுத்து, கழற்றிப் பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய திருகாணிகளை எந்தப் பிள்ளை வரிசையாக வைத்திருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர்கள் மட்டுமே இதற்குச் சரி என்ற எண்ணம் எங்கள் பாடசாலைகளில் ஆழமாக இருக்கிறது. 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் கைவேலையில் பலமுறை அவர்களை முந்துவதைக் கண்டிருக்கிறேன்.

பெற்றோரை முதல் வாரத்திலேயே கூப்பிட்டுப் பேசுங்கள். பல்கலைக்கழக அனுமதி இசெட் புள்ளியில் நடக்கிறது. இந்த ஆய்வு அந்தப் புள்ளியில் எதையும் கூட்டாது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாம் மாதத்தில், "இதனால் என்ன பயன் சேர்?" என்ற கேள்வி வரும், பிள்ளை நின்றுவிடும். அத்துடன் ஒவ்வொரு பிள்ளையின் வார நேரசூசியையும் வகுப்புகளோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு இரண்டும் காலை முதல் மாலை வரை தனியார் வகுப்புகளில் போய்விடும். பாடசாலை 1.30க்கு முடிந்தபின் கிடைக்கும் ஒரு வாரநாள் பிற்பகல்தான் பெரும்பாலும் மிஞ்சும். அதை இப்போதே பிடித்து வையுங்கள்.

2. கேள்வியை எழுதுங்கள், பொருள் வாங்காதீர்கள்

பார்வையற்றோருக்கான ஊன்றுகோல், தானாகக் குப்பைத் தொட்டி திறக்கும் கருவி, தீயணைக்கும் ரோபோ. ஒவ்வொரு கண்காட்சியிலும் இவை வருகின்றன. நோக்கம் நல்லதுதான். ஆனால் "இதில் எதை அளந்தீர்கள்?" என்று கேட்டால் பிள்ளைகளிடம் பதில் இருப்பதில்லை. ஊன்றுகோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை உண்மையாகச் சோதிக்க வேறு மனிதர்களைப் பயன்படுத்த வேண்டும்; அப்போது நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி தேவைப்படும். முதல் திட்டத்துக்கு அது பெரிய சுமை.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள்.

முதலாவது, தூரம் அளக்கும் மீயொலிச் சென்சர். எச்.சி-எஸ்.ஆர்04 என்ற மலிவான சென்சர் 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தை அளக்கிறது. பெரும்பாலான நிரல்கள் அந்த மைக்ரோசெக்கன்களை 58ஆல் பிரித்துச் சென்ரிமீற்றராகக் காட்டுகின்றன. 58 என்று பிரிப்பது ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் என்று எடுத்துக்கொள்வதற்குச் சமம். 24 பாகை செல்சியஸில் குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் அது சரி. கொழும்பின் பிற்பகலில், 32 பாகையில் தகிக்கும் பாடசாலை மண்டபத்தில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 351 மீற்றராகிவிடும். 2 மீற்றர் தூரத்திலுள்ள சுவரை அதே சென்சர் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் குறைத்துக் காட்டும். சுவரில் ஒட்டிய அளவுநாடாவுக்கும் திரையில் தெரிந்த எண்ணுக்கும் இடையிலான இந்தப் பிழையை ஒரு மாணவி தானாகவே கவனித்தாள். "சென்சர் பழுதா சேர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்கள் ஆய்வாக மாறியது. வெப்பநிலைச் சென்சர் ஒன்றைச் சேர்த்து, வெப்பநிலைக்கேற்பத் திருத்தினால் பிழை எவ்வளவு குறைகிறது, எந்தத் தூரத்துக்கு மேல் திருத்தம் பயனளிக்கிறது, ஈரப்பதனுக்கும் இதில் பங்குண்டா? ஒரு மாணவர் குழு பல மாதம் செய்யத்தக்க வேலை இது. செலவும் குறைவு.

இரண்டாவது, சக்கரச் சுற்றுகளை எண்ணித் தன் இடத்தைக் கணிக்கும் ரோபோ. எண்ணிக்கொண்டே போகையில் பிழை சேர்ந்துகொண்டே போகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்ரைனும் ஃபெங்கும் 1994இல் இதற்கு ஓர் எளிய அளவீட்டு முறையை வெளியிட்டார்கள். ரோபோவை 4 மீற்றர் பக்கமுள்ள சதுரப் பாதையில் வலஞ்சுழியாக ஐந்து முறையும் இடஞ்சுழியாக ஐந்து முறையும் ஓடவிட்டு, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று அளக்க வேண்டும். ஒரே திசையில் மட்டும் ஓடவிட்டால் இரு சக்கரங்களின் விட்டம் வேறுபடுவதால் வரும் பிழையும் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தைத் தவறாக எடுத்துக்கொள்வதால் வரும் பிழையும் ஒன்றையொன்று மறைத்துவிடக்கூடும். அதனால்தான் இரண்டு திசைகள். தரை ஓடு (டைல்ஸ்), சீமெந்துத் தரை, கம்பளம் என்று மூன்று பரப்புகளில் இதைச் செய்து பாருங்கள். 4 மீற்றருக்கு இடமில்லையென்றால் 2 மீற்றர் சதுரம் போதும், ஆனால் அறிக்கையில் அதைச் சொல்லிவிடுங்கள். சோக்கட்டி, அளவுநாடா, பொறுமை ஆகியவை போதும்.

கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: எதை மாற்றுவோம், எதை அளப்போம், எத்தனை முறை திரும்பச் செய்வோம், எந்த விடை வந்தால் எங்கள் எண்ணம் தவறு என்று ஏற்போம். இந்த ஒரு பக்கம்தான் அடுத்த படிக்கான உங்கள் கடவுச்சீட்டு.

ட்ரோன் வேண்டாம். பிள்ளைகள் கேட்பார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள், கொழும்பு நகருக்குள் பறக்கவிடுவதற்கான கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் தாண்டி வருவதற்குள் வருடம் முடிந்துவிடும்.

3. ஆய்வுகூடத்தைத் தேடுங்கள்

கொழும்பிலும் அண்டையிலும் தேடத்தக்க இடங்கள்: கட்டுபெத்தவிலுள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், ரீட் மாவத்தையிலுள்ள கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, நாவலயிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறைகள், மாலபேயிலுள்ள தனியார் தொழினுட்ப நிறுவனங்கள். வெள்ளவத்தையிலிருந்து கட்டுபெத்த சந்திக்குக் காலி வீதியால் 100, 101 இலக்க பஸ்கள் போகின்றன. சந்தியிலிருந்து உள்ளே முச்சக்கர வண்டியில் போகலாம். பயண வசதியை அலட்சியப்படுத்தாதீர்கள். வாராவாரம் போக வேண்டிய இடம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தூரமென்றால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள்.

துறையின் பொது மின்னஞ்சலுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். துறையின் இணையப் பக்கத்தில் விரிவுரையாளர்களின் ஆய்வுப் பரப்புகளைப் படியுங்கள். உங்கள் ஒரு பக்கக் கேள்வியோடு யாருடைய வேலை ஒத்துப்போகிறதோ அவருக்குத் தனியாக எழுதுங்கள். பிரதியைத் துறைத் தலைவருக்கு அனுப்புங்கள். நாலைந்து பத்திகளுக்கு மேல் வேண்டாம். யார் நீங்கள், பிள்ளைகள் யார், கேள்வி என்ன, எத்தனை வாரம் எத்தனை மணித்தியாலம் கேட்கிறீர்கள், ஆய்வுகூடத்திடமிருந்து எந்தப் பொருளும் எதிர்பார்க்கவில்லை என்பதை எழுதுங்கள். கடைசி வாக்கியம் மிக முக்கியம். பொருள் கேட்பார்களோ என்ற தயக்கத்தால் பலர் பதில் போடுவதில்லை.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். பிறகு அடுத்தவருக்கு எழுதுங்கள். பல்கலைக்கழகப் பரீட்சைக் காலத்திலும் இறுதி வருட மாணவர்களின் திட்ட மதிப்பீட்டுக் காலத்திலும் எழுதினால் பதில் வராது. நாட்காட்டியைக் கேட்டு அறிந்துவிட்டு எழுதுங்கள்.

பேராசிரியர் சம்மதித்தாலும், அன்றாடம் பிள்ளைகளோடு இருக்கப்போவது ஒரு பட்டப்பின் ஆய்வு மாணவரோ கனிஷ்ட விரிவுரையாளரோதான். அவரைத் தனியே சந்தித்துப் பேசுங்கள். அவருக்கு நேரமும் விருப்பமும் இல்லையென்றால், பேராசிரியர் எவ்வளவு பெரியவரானாலும் இந்த ஏற்பாடு நிற்காது. அவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் பேசுவார் என்றால் முதல் சில நாட்கள் நீங்கள் பக்கத்தில் இருங்கள். எங்கள் பிள்ளைகள் பேசப் பயந்து, புரியாமலே தலையாட்டுவார்கள். படங்களையும் எண்களையும் வைத்துப் பேச அவர்களைப் பழக்கிவிட்டால் அந்தத் தயக்கம் விரைவில் கரைந்துவிடும்.

4. கடிதங்களும் அனுமதிகளும்

இதற்கு இரண்டு முதல் மூன்று மாதம் ஒதுக்குங்கள். கேள்வி எழுதும் வேலையோடு சேர்த்தே தொடங்கிவிடுங்கள்.

அதிபரின் கடிதம்: பாடசாலைக் கடிதத் தலைப்பில், ஆங்கிலத்தில், துறைத் தலைவருக்கு முகவரியிட்டு எழுத வேண்டும். மாணவர் பெயர், தரம், பிறந்த திகதி, பொறுப்பாசிரியர் பெயரும் தொலைபேசியும், வரும் நாட்களும் நேரமும், தொடங்கும் முடியும் திகதிகள் இருக்கட்டும். அதிபரை எழுதித் தரச் சொல்லிக் காத்திருக்காமல் வரைவை நீங்களே அச்சிட்டுக் கொண்டுபோங்கள். ஒப்பம் அன்றே கிடைக்கும்.

மேலிட அனுமதி: பாடசாலைப் பெயரில் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்கிறீர்கள். மாகாணப் பாடசாலையென்றால் வலயக் கல்விப் பணிமனை; தேசிய பாடசாலையென்றால் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சு. உங்கள் பாடசாலைக்கு எந்த வழி என்று அதிபரிடம் கேட்டு, அவர் மூலமாகவே விண்ணப்பியுங்கள். வலயத்துக்கு நேரடியாகப் போனால் அதிபர் மூலம் வரச் சொல்லித் திருப்பியனுப்புவார்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் தனி அனுமதி கேட்காமல், முழுத் தவணைக்குமான திகதிப் பட்டியலோடு ஒரே விண்ணப்பமாகக் கொடுங்கள். ஒப்படைத்த பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள். விண்ணப்பம் காணாமற்போனால் உங்களிடமுள்ள அத்தாட்சி அந்த முத்திரைதான்.

பெற்றோர் சம்மதம்: தமிழில் எழுதுங்கள். ஒப்பமிடும் அம்மாவுக்கு ஒவ்வொரு வரியும் விளங்க வேண்டும். என்ன கருவிகள் கையாளுவார்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்: பற்றாசுக் கோல் (சோல்டரிங் அயன்), துளையிடும் கருவி, லிதியம் பற்றரி. யார் அழைத்துப் போவார், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், அவசரத்துக்கு யாரை அழைப்பது, பிள்ளைக்கு ஒவ்வாமையோ தொடர் மருந்தோ உண்டா என்பவையும் வேண்டும். புகைப்படம் எடுத்து வெளியிடுவதற்கான சம்மதத்தைத் தனிப் பெட்டியாக வையுங்கள். ஆய்வுக்குச் சம்மதித்து, படத்துக்கு மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

பாதுகாப்பு ஏற்பாடு: குழுவில் மாணவிகள் இருந்தால் கூடச் செல்பவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆய்வுகூட வழிகாட்டிக்கும் பிள்ளைக்கும் இடையே தனிப்பட்ட வட்ஸ்அப் உரையாடல் வேண்டாம். ஆசிரியரும் ஒரு பெற்றோரும் உள்ள குழுவிலேயே எல்லாச் செய்தியும் போகட்டும். இதை முதல் நாளே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். நல்ல வழிகாட்டி யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் இது பாதுகாப்பு. மாணவர் காப்புறுதியான சுரக்ஷா உங்கள் பிள்ளைகளுக்கு நடைமுறையில் இருக்கிறதா, பாடசாலைக்கு வெளியே நடக்கும் விபத்தையும் ஏற்குமா என்று அதிபர் பணிமனையில் கேளுங்கள்.

பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பதில்: வாய்மொழி அனுமதியோடு போகாதீர்கள். ஒரு துறையில் "வரும் புதன் வாருங்கள்" என்று அன்போடுதான் சொன்னார்கள். வாயிற்காவலரிடம் எங்கள் பெயர்ப்பட்டியல் இல்லை. அழைத்தவர் விரிவுரையில் இருந்தார், தொலைபேசி எடுக்கவில்லை. பிள்ளைகள் சீருடையோடு நடுப்பகல் வெயிலில் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். துறைத் தலைவர் ஒப்பமிட்ட பெயர்ப்பட்டியலின் பிரதி உங்கள் கையிலும் வாயிலிலும் இருக்க வேண்டும். அடையாள அட்டை இன்னும் எடுக்காத பிள்ளைகளுக்கு, படம் ஒட்டி அதிபர் உறுதிப்படுத்திய கடிதம் கொண்டுபோங்கள்.

5. பணம்

மூவர் குழுவின் அடிப்படை ரோபோவுக்கு 15,000 ரூபா ஒதுக்கினால் நெருக்கடியின்றிச் செய்யலாம். ஆர்டுயினோ வகைப் போர்ட் (நிரலை ஏற்றி ரோபோவை இயக்கும் சிறு மின்பலகை), இரு மோட்டார்களுடனான அடிச்சட்டம், மோட்டார் இயக்கி, சென்சர்கள், பற்றரியும் மின்னேற்றியும், வயர்கள், பற்றாசு எல்லாம் இதற்குள் அடங்கும். விலை டொலரோடு ஏறி இறங்கும்; வாங்கும் வாரத்தில் மீண்டும் விசாரியுங்கள். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கை உதிரிக்காக வையுங்கள். சென்சர் எரியும், மோட்டாரின் பல்சக்கரம் தேயும். ஆய்வில் அது இயல்பு.

பொருளைவிடப் பயணமும் சாப்பாடும்தான் அதிகம் தின்னும். பாடசாலை முடிந்து நேரே போகிற பிள்ளைக்கு மதியச் சாப்பாடு வேண்டும். ஒரு தவணைக்கான வான் கட்டணத்தைக் கணக்குப் பார்த்தால் ரோபோவின் விலையை எளிதாகத் தாண்டிவிடும். இதை எந்த வரவு செலவுத் திட்டத்திலும் எழுதமாட்டார்கள், பிறகு பெற்றோரின் பையிலிருந்து போகும். வசதி குறைந்த பிள்ளை அப்போது ஏதோ காரணம் சொல்லி விலகிவிடும். தயவுசெய்து முதலிலேயே எழுதுங்கள்.

பணத்தைத் தனியாகச் சேர்க்காதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகவோ பழைய மாணவர் சங்கத்தின் ஊடாகவோ வரட்டும். ஒவ்வொரு கொள்வனவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். புறக்கோட்டைச் சிறு கடைகளில் கேட்டால்தான் எழுதித் தருவார்கள், கேளுங்கள். பெரிய பொருளென்றால் மூன்று விலைக்கோரல்கள் கேட்கப்படும், அதற்கே ஒரு வாரம் போய்விடும்.

6. பொருள் வாங்குதல்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். கணினிப் பொருட்களுக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. சென்சர்களை உள்நாட்டு இணையக் கடைகளில் வாங்குவது சுலபம், விலையும் எழுதியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் தாமதமாகலாம். லிதியம் பற்றரியை அஞ்சலில் வரவழைக்கவே முயலாதீர்கள்.

ஏமாறக்கூடிய இடங்கள் சில:

18650 என்ற உருளை வடிவ லிதியம் பற்றரியில் 9,900 மில்லியம்பியர் மணித்தியாலம் என்று எழுதியிருந்தால் அது பொய். அந்த அளவுள்ள நல்ல கலத்தின் கொள்ளளவு 3,500 அளவில்தான் இருக்கும். ஓரளவு நம்பகமானதை, 2,000 முதல் 3,000 வரை என்று நேர்மையாக எழுதியிருப்பதை வாங்குங்கள். முழு மின்னேற்றத்தில் கலமொன்று 4.2 வோல்ற்று, 3 வோல்ற்றுக்குக் கீழே இறக்காதீர்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத கலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். மின்னேற்றும்போது ஒரு பெரியவர் அறையில் இருக்க வேண்டும்.

எல்298என் மோட்டார் இயக்கி மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் ஏறத்தாழ 2 வோல்ற்றை வெப்பமாக விழுங்கிவிடும். 7.4 வோல்ற்றுப் பற்றரி கொடுத்தும் மோட்டார் சோர்ந்து சுற்றினால் பிள்ளைகள் மோட்டாரைக் குறைசொல்வார்கள். காரணம் இதுதான்.

ஆர்டுயினோவுக்குப் பதிலாகப் பலர் வாங்கும் ஈஎஸ்பி32 போர்ட் 3.3 வோல்ற்றில் இயங்குகிறது. எச்.சி-எஸ்.ஆர்04இன் எதிரொலி முள் 5 வோல்ற்றுக் கொடுக்கிறது. நேரே இணைத்தால் போர்ட் பழுதாகலாம். 1 கிலோஓமும் 2 கிலோஓமும் கொண்ட மின்தடைப் பிரிப்பான் போட்டால் ஏறத்தாழ 3.3 ஆகிவிடும். முதல் திட்டத்துக்கு 5 வோல்ற்று ஆர்டுயினோ ஊனோவே நிம்மதி.

பொருள் வரும்வரை கை கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டிங்கர்காட் இணையத்தளத்தில் மின்சுற்றுகளைத் திரையிலேயே போலியாக இயக்கி இலவசமாகப் பார்க்கலாம். ரோபோவை அப்படித் திரையில் இயக்கிப் பார்க்கும் வெபொட்ஸ் என்ற மென்பொருளும் 2018 முதல் இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது.

7. ஆய்வுகூடத்தில் முதல் மாதம்

முதல் நாள் எதையும் செய்ய விடாதீர்கள். பார்க்கட்டும். மூடிய சப்பாத்து, கட்டிய தலைமுடி, கண் கவசம், தனியே யாரும் வேலை செய்வதில்லை, தீயணைப்புக் கருவி எங்கே, பிரதான ஆளி எங்கே: இவ்வளவும் முதல் நாளுக்குப் போதும். எங்கள் மாணவிகள் பாடசாலைச் சீருடையின் கழுத்துப் பட்டியோடு துளையிடும் கருவிக்கருகில் நின்றதைப் பார்த்து, ஆய்வுகூட வழிகாட்டி மெதுவாக ஆளியை அணைத்துவிட்டு விளக்கினார். மாற்றுடை கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு அமர்வும் ஒரு வேலையோடு முடிய வேண்டும். இன்று பத்து அளவீடுகள்; அடுத்த வாரம் அதே பத்தை வேறு வெப்பநிலையில். அமர்வின் கடைசி இருபது நிமிடத்தை எழுதுவதற்கு ஒதுக்குங்கள். மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கையில் எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள்.

8. சி.ஆர். கொப்பி

இது இல்லாவிட்டால் பின்னால் எதுவும் நிற்காது. தடித்த அட்டை சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை எண்ணிடச் சொல்லுங்கள். பேனையால் எழுத வேண்டும். திகதி, நேரம், அறை வெப்பநிலை, யார் இருந்தார்கள், எந்தப் பற்றரி, என்ன அளந்தார்கள். பிழையாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டுத் தள்ளுங்கள். கிழிப்பதும் வெள்ளை மை பூசுவதும் கூடாது. எதிர்பாராத எண் வந்தால் அதையும் எழுத வேண்டும். "இது சரிவராத அளவு, விட்டுவிடுவோம்" என்று ஒரு பிள்ளை சொல்லும் அந்தக் கணத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆய்வு நேர்மை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க அதைவிடத் தகுந்த வேளை கிடைக்காது.

கொப்பியைத் தமிழிலேயே எழுத விடுங்கள். நடுவர்கள் ஆங்கிலத்தில் எதிர்பார்ப்பார்கள் என்று பயந்து முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதச் சொன்ன குழுக்களின் கொப்பிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் நாளுக்கு இரண்டு வரிதான் இருக்கும். யோசிக்கிற மொழியில் எழுதினால் அரைப் பக்கம் வரும். சுருக்கத்தையும் சுவரொட்டியையும் இறுதியில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

9. கண்காட்சிக்குப் போவதென்றால் படிவங்கள் முன்கூட்டியே

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் நடத்திவரும் அறிவியல் பொறியியல் கண்காட்சி, தரம் 9 முதல் உயர்தரம் வரையான மாணவர்கள் ரீஜெனரான் சர்வதேச அறிவியல் பொறியியல் கண்காட்சிக்குப் போகும் பாதை. அங்கே போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பரிசோதனை தொடங்குமுன்பே அதன் விதிகளைப் படியுங்கள். ஆய்வுத் திட்டமும் ஒப்புதல் படிவங்களும் பரிசோதனைக்கு முன்னரே திகதியிடப்பட வேண்டும். மனிதரைப் பயன்படுத்திச் சோதிப்பதற்கு முன் அனுமதி கட்டாயம். "நண்பன்தானே ஓட்டிப் பார்த்தான்" என்ற விளக்கம் எடுபடாது. ஆய்வுக் காலம் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. சுருக்கம் 250 சொற்களுக்குள். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் செய்த வேலைக்கு 1சி என்ற படிவம் உண்டு. பரிசோதனை முடிந்தபின் அங்கே மேற்பார்வை செய்தவர் அதை நிரப்பி ஒப்பமிட வேண்டும். மாணவர் எந்தப் பகுதியைத் தானே செய்தார், எது ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே இருந்தது என்று அதில் கேட்பார்கள். கொப்பி ஒழுங்காக இருந்தால் அந்தப் படிவம் அரை மணி நேர வேலை.

கண்காட்சி வேண்டாம், போட்டி போதும் என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் ரோபோப் போட்டியிலும் மாலபேயில் நடக்கும் ரோபோஃபெஸ்ற்றிலும் பாடசாலைப் பிரிவு இருக்கிறது. அங்கே எதிர்பார்ப்பு வேறு: குறித்த பணியை ரோபோ விரைவாகச் செய்து முடிக்க வேண்டும். ஒரே ரோபோவை இரண்டுக்கும் பயன்படுத்த முயன்றால் போட்டிக்கான அவசரம் அளவீடுகளைத் தின்றுவிடும். ஒரு வருடத்தில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

10. முடிக்கும்போது

ஆய்வுகூடத்திலிருந்து இரவல் வாங்கிய பொருள்களைப் பட்டியலோடு திருப்பிக் கொடுத்து ஒப்பம் வாங்குங்கள். தரவுகளைக் கணினியிலும் ஒரு பென் ட்ரைவிலும் பாடசாலையில் வையுங்கள்; ஆய்வுகூடக் கணினியில் மட்டும் இருந்தால் அடுத்த வருடம் அழிந்திருக்கும். புதிய கருவி என்று சொல்லத்தக்க ஏதாவது உருவாகியிருந்தால், கண்காட்சியில் வைப்பதற்கு முன் அதன் உரிமை யாருக்கு என்பதைத் துறையோடு எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று: 1சி படிவத்திலும் பிள்ளைகளுக்கான சான்றுக் கடிதங்களிலும் வழிகாட்டியின் ஒப்பத்தை வாங்கிவிடுங்கள். ஆய்வு மாணவர்கள் மேற்படிப்புக்கு வெளிநாடு போவது ஓகஸ்ற், செப்ரெம்பரில்தான். ஜூலைக்குள் அந்தக் கடதாசிகள் உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.